சாரி கார்டின் மேல் வைத்த மீட்டர்

நல்லமாடன்குளத்தில் பீடி சுற்றும் பெண்கள் ஒரு வருஷத்தை அதில் நடந்ததை வைத்துத்தான் சொல்வார்கள், குளம் உடைந்த வருஷம், தபால்காரர் சாமியாராகிப் போன வருஷம் என்பதுபோல, அப்படிச் சொல்லிக்கொண்டே வந்தால் அவர்கள் வாயில் கடைசியாக நிற்பது மீட்டர் இடம் மாறின வருஷம். அது என் வண்டியின் மீட்டர், மாற்றச் சொன்னவள் நான், மாற்றும்படி செய்தவள் என் அம்மா சண்முகக்கனி, ஆனாலும் இதை என்னுடைய கதை என்று நான் சொன்னால் தெருவில் ஒருத்தியும் ஒப்புக்கொள்ள மாட்டாள், ஏனென்றால் அந்த வண்டியின் பின்சீட்டில் உட்காராத பெண் எங்கள் தெருவில் இல்லை.

எனக்குப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பொருளியலுக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் ஊருக்கு வரும் ஒரே காலைப் பேருந்து பல்கலைக்கழக வாசலைத் தொடும்போது முதல் வகுப்பு முடிந்து பையன்கள் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். விடுதி என்ற சொல்லை எடுத்தாலே அம்மா பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிடுவாள், தட்டை இறக்கி வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அப்பா மராட்டிய தேசத்தில் ஒரு மிட்டாய்க்கடையில் நின்று வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவர், அவரிடம் போனில் கேட்டால் "ஒங்கம்மாட்ட கேளு" என்பார். இந்த நிலையில்தான் என் தாய்மாமா சவுதிக்குப் போகும்போது தன் பழைய மோட்டார் சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, அம்மா வெளியே வருவதற்குள் ஆட்டோ ஏறிவிட்டார்.

"பையனா இருந்தா இந்நேரம் ஓட்டிட்டுப் போன்னு சொல்லிருப்பல்லா?" என்று நான் ஆரம்பித்தேன்.

"பையனா இருந்தா முதுவுல நாலு போட்டுட்டுச் சொல்லிருப்பேன். நீ பொட்டப்பிள்ளன்னு அந்த நாலையும் விட்டிருக்கேன். பேச்ச நிறுத்து, ஆவுடை."

நான் நிறுத்தவில்லை. வெங்காயம் உரிக்கும்போதும் பேசினேன், தண்ணீர் எடுக்கும்போதும் பேசினேன், அவள் இலை வெட்ட உட்கார்ந்தால் எதிரே உட்கார்ந்து அரசியல் சட்டத்திலிருந்து பேசினேன். கடைசியில் அவள் ஒரு நிபந்தனை சொன்னாள்: வகுப்பு திறக்கிற நாள்வரைக்கும் அவள் என் பின்னால் உட்கார்ந்து வருவாள், அவள் கண்ணால் பார்க்கப் பார்க்க மீட்டர் முள் நாற்பதைத் தாண்டாமல் இருந்தால் அதன்பிறகு நான் தனியாகப் போகலாம், தாண்டினால் வண்டி மாமா வீட்டுக்கு, நான் பீடித் தட்டுக்கு.

நியாயமான நிபந்தனைதான், ஆனால் பின்னால் உட்கார்ந்தால் மீட்டர் அவள் கண்ணுக்குத் தெரியாது. சேலை கட்டினவள் வண்டியில் ஒருபக்கமாக உட்காருகிறாள், இடதுபக்கம் காலைத் தொங்கப்போட்டு, ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் ஓட்டுகிறவன் தோளையும் பிடித்துக்கொண்டு, போகிற திசையைப் பார்க்காமல் வேலியையும் வயலையும் பார்த்துக்கொண்டே கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் எழவு வீட்டுக்கும் போய்வருகிறாள். இந்த நாட்டில் கோடி வண்டி ஓடுகிறது, அவள் சேலை சக்கரத்தில் மாட்டக்கூடாது என்று ஒரு சாரி கார்டு வைத்தவர்கள், அவளும் வேகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமே என்று நினைத்து மீட்டரை வைத்தார்களா? வைக்கவில்லை. அதனால் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆலங்குளத்துக்கு, ரத்னசிங் அண்ணன் பட்டறைக்குப் போனேன்.

ரத்னசிங் அண்ணன் வண்டிகளை வெட்டிச் சுருக்கி, நீட்டி, வேறு வண்டியாக்கிக் கொடுக்கிறவர். தென்காசிவரைக்கும் அவருக்குப் பேர், அந்தப் பேரை அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார்.

"மீட்டர டேங்க் பக்கத்துல எறக்கி வெச்சிருக்கேன், ஹெட்லைட்டுக்குள்ள பொதச்சு வெச்சிருக்கேன், ஒருத்தன் கேட்டான்னு முட்டிக்குக் கீழகூட வெச்சிருக்கேன்," என்றார். "சாரி கார்டுல கொண்டு வெச்சா என் பேரு என்னத்துக்காவும் தங்கச்சி?"

"நான் ஒங்க பேரையா ஓட்டப்போறேன், வண்டியத்தான அண்ணே ஓட்டப்போறேன்."

"ஓட்டுறவனுக்கு முள்ளு தெரியாண்டாமா?"

"இத்தன காலம் பின்னால இருக்கவளுக்குத் தெரியாமதான ஓடிச்சு? அதுக்கு யாராவது ஒங்கட்ட வந்து கேட்டாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், "வாயி ஆலங்குளத்துக்கே கேக்கும்" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்தார். ஹேண்டில்பாரிலிருந்து மீட்டரைக் கழற்றி அந்த இடத்தில் வட்டமாக ஒரு தகட்டை வைத்து மூடினார். நீளமான கேபிள் ஒன்றை முன்சக்கரத்திலிருந்து டேங்குக்கு அடியில் கொண்டுவந்து, இடதுபக்கம் சாரி கார்டுக்கு மேலே ஒரு கிளாம்ப் அடித்து, பின்னால் இருப்பவள் குனியாமல் பார்க்கும்படி மீட்டரை வானத்தைப் பார்த்துச் சாய்த்து வைத்தார். இண்டிகேட்டர் போட்டால் மினுக்குகிற சின்ன மஞ்சள் விளக்குகள் இரண்டையும் அதன் இரண்டு காதுபோலப் பொருத்தினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவரே தள்ளி நின்று போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தெருவில் வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, சாவியை உருவி என் விரலில் மாட்டிக்கொண்டு, முன்சீட்டில் உட்கார்ந்து, "எம்மா, ஏறிப் பாரு, ஒனக்கு வாட்டமா இருக்கான்னு சொல்லு" என்றேன். அம்மா தூள் படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து, என் தோளைப் பிடித்தாள். உடனே கத்தினாள்.

"ஏட்டி, மெதுவாப் போ!"

"எம்மா, வண்டி நிக்கி."

"பொறவு இது என்ன தொண்ணூறு?"

இறங்கிப் பார்த்தேன். முள் தொண்ணூறில் நின்று லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மாவை இறங்கச் சொன்னேன், பூஜ்யத்துக்கு வந்தது. ஏறச் சொன்னேன், தொண்ணூறு. எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா பீடிக்கட்டுக்கு நூல் சுற்றியபடியே வந்து, "தள்ளு சம்முவக்கனி, நான் உக்காந்து பாக்கேன்" என்று ஏறினாள், முள் எழுபதுக்குப் போனது, இடது விளக்கு மினுக்கியது. "நான் எழுவதுதானா?" என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி மதினி இடுப்புப் பிள்ளையோடு ஏறினாள், நூறு காட்டியது, பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளைத் தனியாக ஏற்றினோம், அப்போதும் நூறு. கேபிள் எங்கேயிருந்து வேகத்தை எடுக்கிறது என்று நான் ஒருத்திதான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். மற்றவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை, விடிந்ததிலிருந்து தட்டை மடியில் வைத்து இருந்த இடத்திலேயே இருந்து, இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, மடக்கி, நூல் கட்டி, அதற்கு நடுவில் சோறு வடித்து, பிள்ளைக்குப் பால் கொடுத்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து வருகிறவர்களுக்கு, ஆள் இருந்த இடத்தில் இருக்க முள் ஓடுகிறது என்பதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? "இப்பவாவது ஒரு மீட்டர் சரியாக் காட்டுதே" என்றாள் செல்லக்கிளி மதினி.

மறுநாள் ரத்னசிங் அண்ணனைக் கூட்டிவந்தேன். அவர் கேபிளைக் கழற்றி மாட்டிவிட்டு, கால் இரண்டையும் இரண்டு பக்கம் போட்டு ஏறினார், முள் அசையவில்லை. "அப்படி இல்ல அண்ணாச்சி, எங்கள மாதிரி இரும்" என்றாள் மும்தாஜ் அக்கா. தெருவே பார்த்திருக்க, அவர் வெட்கப்பட்டு ஒருபக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார், முள் ஐம்பதுக்கு ஏறியது. "வேலையில கொறயில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு தெரு அந்த மீட்டரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது, புதுக் குழாயைச் சேர்த்துக்கொள்வதைப்போல, வந்த மருமகளைச் சேர்த்துக்கொள்வதைப்போல, காலையில் பால் வாங்கப் போகிறவள் ஒருநிமிஷம் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனாள், "இன்னைக்கு எம்பதுல நிக்கேன், என்ட பேச்சு வச்சுக்கிடாத" என்று மாமியாரிடம் சொல்ல ஆரம்பித்தாள், மாமியாரும் போய் ஏறிப் பார்த்து "நானும் எம்பதுதாம்ட்டி" என்று வந்து இரண்டு பேரும் சேர்ந்து அமைதியாக இருந்தார்கள், பெண்டாட்டி எழுபதைத் தாண்டினால் தண்ணிக்குடத்தைப் புருஷன் எடுக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் தானாக வந்தது, பிள்ளைகள் அம்மாவின் எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்டன, செவ்வாய்க்கிழமை யாரோ மீட்டர் கண்ணாடிக்குக் குங்குமம் வைத்தார்கள், இது அறிவியல், இது சாமி இல்லை என்று நான் சண்டைபோட்டுத் துடைத்தேன், "அறிவியலுக்குப் பொட்டு வெச்சா கோவிச்சுக்கிடுமா?" என்று மும்தாஜ் அக்கா கேட்டாள். எங்களுக்கு இலை நிறுத்துக் கொடுக்கும் பீடிக்கடைக்காரர், "உக்காந்துகிட்டே பாக்க வேலைதான" என்று எப்போதும் சொல்கிறவர், அவரைக் கூட்டிவந்து வரிசையாக ஏறி இறங்கிக் காட்டினார்கள். அவர் அதன்பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை, கடையில் பெண்கள் நிற்கிற பக்கம் ஒரு பெஞ்சும் ஒரு ஃபேனும் வந்தது.

ஆண்களுக்கு முள் ஐம்பதைத் தாண்டாது என்று நான் ஒரு வாதம் தயாராக வைத்திருந்தேன், அது பால்பாண்டி மாமாவால் கெட்டது. நாள் முழுக்கப் பஞ்சாயத்துத் தொட்டிச் சுவரில் சாய்ந்து பீடி குடிக்கிறவர், ஊரில் சும்மா இருப்பதற்கு உதாரணமே அவர்தான். இடுப்பில் கட்டிய சாரத்தைக் கூட்டிப்பிடித்துக்கொண்டு ஒருபக்கமாக ஏறினார், முள் மீட்டரின் கடைசியில் போய் இடித்து நின்றது. யாரும் சிரிக்கவில்லை. அவர் இறங்கி, "வண்டியில கோளாறு" என்று சொல்லிவிட்டுப் பழைய சுவருக்கே போனார்.

விளக்கின் சங்கதி தெரிய வந்ததும் அவரால்தான். வெயிலுக்காக வண்டியை மறுபக்கம் திருப்பி நிறுத்தின அன்று, முந்தின நாள் வலது விளக்கு மினுக்கினவர்களுக்கெல்லாம் இடது விளக்கு மினுக்கியது. பால்பாண்டி மாமா மீண்டும் வந்து ஏறி, எந்த விளக்கு என்று பார்த்து, வண்டியைத் திருப்பச் சொல்லி மறுபடி பார்த்து, "கடையம் பக்கம் காட்டுது" என்றார். கடையத்தில்தான் அவர் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறது. அப்படியானால் விளக்கு மனசு போகிற பக்கத்தைக் காட்டுகிறது என்று தெரிந்துபோனது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லிமுடியாது. ஒருத்தி பின் ஒருத்தியாக ஏறினார்கள், எல்லார் விளக்கும் அவரவர் வீட்டைப் பார்த்து மினுக்கியது, அடுப்பில் இருக்கிற குழம்பைப் பார்த்து, தொட்டிலைப் பார்த்து, பாதியில் வைத்துவிட்டு வந்த தட்டைப் பார்த்து. "ஒங்கள்ல ஒருத்திக்காவது தனக்குன்னு ஒரு திசை கெடையாதா?" என்று தெருவில் நின்று கேட்டேன். அப்போது ஏறின மும்தாஜ் அக்காவின் விளக்கு வீட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் மினுக்கியது, அந்தப் பக்கம் பஜாரில் அப்போதுதான் சால்னா கொதிக்கிற பரோட்டா கடையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. "அல்லாவே, மானத்த வாங்குதே" என்று அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூட, அன்றைக்குத் தெரு முழுவதும் பரோட்டா சாப்பிட்டது.

அம்மாவின் விளக்கு மட்டும் பிடிபடவில்லை. நான் முன்னால் உட்கார்ந்திருந்தால் இரண்டு விளக்கும் சேர்ந்தே மினுக்கும். ஒருநாள் அவள் ஏறியிருக்கும்போது நான் இறங்கிக் குழாயடிக்குப் போனேன், திரும்பி வரும்போது செல்லக்கிளி மதினி என்னைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஆவுடை, அங்கிட்டு நட."

நடந்தேன்.

"இப்ப இங்கிட்டு நட. மெல்ல."

நான் வண்டியைச் சுற்றி இடதிலிருந்து வலதுக்கும், வலதிலிருந்து இடதுக்கும் நடந்தேன், விளக்கு என் பின்னாலேயே மாறி மாறி வந்தது. அம்மா இறங்கி, "இதுல என்ன கெடக்கு, வேலயப் பாருங்க" என்று தட்டுக்குப் போய்விட்டாள்.

ஆனால் நிபந்தனையை அவள் விடவில்லை. தெருவுக்குள் அவளை வைத்து நான் மாட்டுவண்டியைவிட மெல்ல ஓட்டினேன், நாய்கள் எங்களைத் தாண்டிப் போயின, முள் தொண்ணூறிலேயே நின்றது.

"அது வண்டிக்க வேகம் இல்லம்மா."

"எந்த வேகமா இருந்தா என்ன, ஒன்னால வர வேகம்தான. நாப்பதுன்னு சொன்னேன். சொன்னா சொன்னதுதான்."

வகுப்பு திறக்கிற நாள் நெருங்கியது. இந்த இடத்தில்தான் எங்கள் தெரு எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் என் நாக்கு எதற்கு? நூறிலும் எண்பதிலும் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெண்கள், என் அம்மாவை நாற்பதுக்குக் கொண்டுவருவது என்று முடிவு செய்தார்கள். சம்முவக்கனி பங்குப் பீடியை நாங்கள் சுற்றுகிறோம் என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவள் இலையை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துத் தங்கள் இலைக்குள் கலந்துகொண்டார்கள். மும்தாஜ் அக்கா வீட்டிலிருந்து நோன்பு இல்லாத மாதத்தில் நோன்புக் கஞ்சி வந்தது, செல்லக்கிளி மதினி குழம்பு கொண்டுவந்தாள், பால்பாண்டி மாமா சுவரை விட்டு எழுந்து எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்தார், அதைப் பார்க்கவே வெளித் தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அம்மாவைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்துக் கையில் ஒரு விசிறியைக் கொடுத்தார்கள். சாயங்காலம் வண்டியில் ஏற்றிப் பார்த்தால் முள் நூற்றிப்பத்து.

"கை சும்மா இருந்தா நெனப்புல்லா ஓடுது" என்றாள் அம்மா. "தட்டக் கொடுங்கட்டி, தொண்ணூறாவது இருந்துச்சு."

திறக்கிற நாள் காலை. நான் குளித்து, புதுச் சுடிதார் போட்டு, பையை மாட்டிக்கொண்டு வந்தேன். தெரு முழுக்க வேலையைப் போட்டுவிட்டு வண்டியைச் சுற்றி நின்றது. அம்மா கடைசித் தடவையாக ஏறினாள். முள் கிளம்பியது, நாற்பதை அது கவனிக்கவே இல்லை, தொண்ணூறில் போய் நின்றது.

"சரி" என்றேன். பையைக் கழற்றித் தரையில் போட்டேன். "நான் போவல. எங்கயும் போவல. படிப்பும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். இங்கனயே ஒன் காலடியிலயே கெடக்கேன், ஒனக்கு நிம்மதிதான? எல்லாரும் பாத்துக்கிடுங்க, இப்பக் கொறயும் பாருங்க!" புதுச் சுடிதாரோடு புழுதியில், தொங்கிக்கொண்டிருந்த அம்மாவின் பாதத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

எல்லாரும் குனிந்து முள்ளைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். நான் அங்கேதான் இருந்தேன், அவள் கால்விரல் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது, அதைவிடப் பக்கத்தில் இருக்க அவள் வயிற்றுக்குள்தான் திரும்பப் போக வேண்டும். முள் தொண்ணூறிலேயே நின்றது. கொஞ்சநேரம் பார்த்தார்கள், இன்னும் கொஞ்சநேரம் பார்த்தார்கள், செல்லக்கிளி மதினியின் இடுப்புப் பிள்ளை மீட்டரை ஒரு தட்டுத் தட்டியது. தொண்ணூறு.

அம்மா இறங்கினாள். சேலையை உதறிக்கொண்டாள்.

"எந்திரிட்டி."

நான் எந்திரிக்கவில்லை.

"எந்திரிங்கேன். ஒன்ன வீட்ல வெச்சிருந்தாக் கொறயும்னுதான நான் நெனச்சேன். குழாயடிக்குப் போனாலும் தொண்ணூறு, முன்னால உக்காந்தாலும் தொண்ணூறு, காலுக்குக் கீழ கெடந்தாலும் அதே தொண்ணூறு. பொறவு ஒன்ன எதுக்கு வீட்ல வெச்சிருக்கணும்? போ. நேரமாவுதுல்லா."

எத்தனை வாதம் பேசியிருப்பேன், சட்டத்திலிருந்து, பொருளியலிலிருந்து, பக்கத்து ஊர்ப் பெண்களின் உதாரணத்திலிருந்து! இந்த ஒரு வாதம் எனக்குத் தோன்றவில்லை. நான் புழுதியிலிருந்து எழுந்தபோது, மும்தாஜ் அக்கா என் பின்பக்கம் தட்டி மண்ணை உதிர்த்தாள், பால்பாண்டி மாமா பையை எடுத்து மாட்டிவிட்டார், அம்மா என் முகத்தைப் பார்க்காமல் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளி இறக்கினாள், அவளுக்கு அவ்வளவு பலம் இருந்தது.

தனியாக ஓட்டினேன். என் முன்னால் ரத்னசிங் அண்ணன் வைத்த வெறும் தகடுதான் இருந்தது, எவ்வளவு வேகத்தில் போகிறேன் என்று எனக்குத் தெரியாது, காற்று முகத்தில் எப்படிப் படுகிறது என்பதைப் பார்த்தும், லாரிக்காரன் என்னை எப்படித் திட்டுகிறான் என்பதைக் கேட்டும் நிதானித்துக்கொண்டேன். வயல் போனது, காற்றாலைகள் போயின, காலைப் பேருந்து எனக்குப் பின்னால் எங்கேயோ ஒரு நிறுத்தத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

பல்கலைக்கழக ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பத்தடி போயிருப்பேன், வாட்ச்மேன் கூப்பிட்டார்.

"ஏம்மா, வண்டிய ஆஃப் பண்ணாமப் போற?"

"பண்ணிட்டேன் அண்ணாச்சி."

"அப்ப இது என்ன? முள்ளு தொண்ணூறுல நின்னு ஆடுது. லைட்டு வேற நீ போற பக்கமா மினுக்குது. வயர்ல ஏதோ கோளாறு, கழட்டி விடட்டுமா?"

திரும்பி வந்து பார்த்தேன். பின்சீட் காலியாக, வெயிலில் கிடந்தது. நான் அந்தப் பக்கம் நகர்ந்தேன், விளக்கு அந்தப் பக்கம் மாறியது.

"கழட்டாதீங்க அண்ணாச்சி" என்றேன். "ஆள் இருக்கு."

அவர் காலிச் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவருக்கும் எங்கேயோ ஒரு மகள் படிக்கப் போயிருக்க வேண்டும், பக்கத்து வண்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்து இடம் விட்டார். நான் முதல் வகுப்புக்குப் போனேன்.